சுற்றிக்கொண்டே இருக்கும் கேட் வால்வு: மாற்றுவதும் பராமரிப்பதும்

கேள்வி இது: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 16 வருடப் பழைய சொந்த வீடு. தரைத் தளமும் அதன் மேல் ஒரு மாடியும். மொட்டை மாடியில் 1000 லிட்டர் தொட்டி. அதிலிருந்து இறங்கும் ஒரு இஞ்ச் பைப்பில் உள்ள பித்தளை கேட் வால்வு சுற்றிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் நிற்கவில்லை. கீழே வாஷ் பேசின் அடியில் ஆங்கிள் வால்வு கசிகிறது. மேலே நிற்காததால் அதிலும் கை வைக்க முடியவில்லை. மறுபடி கேட் வால்வே போடுவதா, பால் வால்வா, நாமே மாற்றலாமா?

பால் வால்வு (உருண்டை வைத்துக் கால் சுற்றில் மூடும் வால்வு) போடுங்கள். நாமே செய்யலாமா என்பது பைப்பைப் பொறுத்தது. பிளாஸ்டிக் பைப் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பழைய ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு), அதிலும் பக்கத்தில் யூனியன் (அறுக்காமல் கழற்றக்கூடிய இணைப்பு) எதுவும் இல்லை என்றால், பிளம்பரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

முதலில் இருக்கிற வால்வுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். கேட் வால்வுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு தகடு இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, அதோடு திரும்பும் தண்டான ஸ்பிண்டில் தகட்டைக் கீழே இறக்கி வழியை அடைக்கும். பல சுற்றுக்குப் பின் ஓரிடத்தில் இறுகி நின்று, அப்படியும் தண்ணீர் ஓடினால், தகடு உட்காரும் பள்ளத்தில் மணலோ உப்புப் படிவோ சேர்ந்திருக்கிறது. கீழ்த்தளத்தில் ஒரு குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, வால்வைப் பத்துத் தடவை மூடித் திறந்தால் அது சில சமயம் அடித்துக்கொண்டு போய்விடும். உங்கள் வால்வு இறுகவே இல்லை, வெறுமனே சுற்றுகிறது. ஸ்பிண்டில் மரை தேய்ந்துவிட்டது, அல்லது ஸ்பிண்டிலின் தலை தகட்டை விட்டுக் கழன்றுவிட்டது. இதைச் சரிசெய்ய வழியில்லை. இன்னொன்று, புது வால்வு கையில் வரும்வரை இதை மேலும் சுற்றிப் பார்க்காதீர்கள். கழன்ற தகடு என்றைக்காவது கீழே விழுந்து வழியை அடைத்துக்கொள்ளும், வீடு முழுக்கத் தண்ணீர் நின்றுபோகும்.

பெங்களூரில் இந்த வால்வுகள் ஏன் இப்படிப் போகின்றன என்றால், தொட்டிக்கு வருவது ஒரே தண்ணீர் அல்ல. நீரேற்று நிலையம் உள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கி.மீ. ஏறி வரும் காவேரித் தண்ணீர் ஒரு நாள், போர்வெல் (போர்) தண்ணீர் மறுநாள், கோடையில் டேங்கர். போர், டேங்கர் தண்ணீரில் உப்பு அதிகம். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். 600-ஐ நெருங்கும் தண்ணீர், அசைக்காமல் விட்ட வால்வுக்குள் சுண்ணாம்புப் படிவைக் கட்டியாக வைத்துவிடும். ஒரு நாள் அவசரத்துக்குப் பலமாகச் சுற்றும்போது, தகடு அசையாது, ஸ்பிண்டில்தான் தோற்கும். மலிவான பித்தளையில் இன்னொரு கோளாறும் உண்டு. உலோகத்திலிருந்து துத்தநாகம் மெல்லக் கரைந்து, மிஞ்சுவது செம்பு நிறத்தில் பொறுபொறுவென ஆகிவிடும். கழற்றிய ஸ்பிண்டிலை உடைத்துப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காரணம் அதுதான்.

பால் வால்வில் துளையிட்ட உருண்டை ஒன்று கால் சுற்று திரும்புகிறது, அவ்வளவுதான். கைப்பிடி பைப்போடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. இருட்டில் மாடிக்கு ஓடினாலும் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கடையில் ‘ஃபுல் போர்’ என்று கேட்டு வாங்குங்கள். மலிவான சில வால்வுகளில் உருண்டையின் துளை பைப்பைவிடச் சிறியது. தொட்டித் தண்ணீரில் இது உறைக்கும். 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் சுமார் ஒரு பார் அழுத்தம். உங்கள் மாடிக் குளியலறை ஷவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று மீட்டர், அதாவது 0.2 அல்லது 0.3 பார். அதிலும் வழியில் ஒரு இடுக்கு வந்தால் ஷவர் சொட்டத்தான் செய்யும்.

பைப் எது என்பதைக் கடைக்குப் போகும் முன் முடிவு செய்துவிடுங்கள். இதில்தான் பாதிப் பேர் இரண்டாம் தடவை கடைக்கு ஓடுகிறார்கள். காந்தம் ஒட்டினால் ஜி.ஐ. பைப். வெளிர் மஞ்சள் நிறம் என்றால் அநேகமாக சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். வெள்ளை என்றால் யூ.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். வெயிலில் நிறம் மங்கியிருந்தால் பைப் மேலுள்ள எழுத்தைத் தேடுங்கள். ‘ஒரு இஞ்ச்’ என்ற பெயர் மூன்று வகைப் பிளாஸ்டிக் பைப்புக்கும் பொது, வெளி அளவு வேறு வேறு. சி.பி.வி.சி. 28.6 மி.மீ., பிளம்பிங் யூ.பி.வி.சி. 33.4 மி.மீ., விவசாயப் பைப் எனப்படும் மெட்ரிக் அளவு 32 மி.மீ. கடைசி இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். 33.4-க்கான சாக்கெட்டில் 32 பைப் லொடலொடவென்று நுழையும், பசை பிடிப்பதுபோல் தோன்றும், ஒரு மாதத்தில் கழன்றுவிடும். அளக்க வெர்னியர் வேண்டாம். ஒரு காகிதப் பட்டையைப் பைப்பைச் சுற்றி இறுக்கி அடையாளமிட்டு, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். 90 மி.மீ. வந்தால் சி.பி.வி.சி., 105 வந்தால் யூ.பி.வி.சி., 100 அல்லது 101 வந்தால் மெட்ரிக். பழைய வால்வின் போட்டோவையும் பைப் எழுத்தின் போட்டோவையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்காதது கே.ஆர். மார்க்கெட் பக்கம் எஸ்.ஜே.பி. ரோட்டில் கிடைக்கும்.

பிளாஸ்டிக் லைனுக்கு, அதே வகைப் பிளாஸ்டிக்கில் இரு முனையிலும் யூனியன் உள்ள பால் வால்வுதான் என் தேர்வு. சாதாரண ஒட்டு வால்வைவிட விலை கூடுதல்தான். ஆனால் அடுத்த தடவை பைப்பை அறுக்க வேண்டாம், இரண்டு வளையத்தைக் கையால் கழற்றினால் நடுப்பகுதி தனியே வந்துவிடும். பித்தளை பால் வால்வே வேண்டும் என்றால், பித்தளை மரை உள்ள ஆண் அடாப்டர் இரண்டு (கடையில் எம்.ஏ.பி.டி., அதாவது MABT என்பார்கள்), ஒரு யூனியன், வால்வின் எடை பைப்பில் தொங்காமலிருக்க இரு பக்கமும் கிளாம்ப் ஆகியவை வேண்டும். ஜி.ஐ. லைனுக்குப் பித்தளை வால்வுதான். வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு வால்வு இருந்தால் கனமானது நல்லது, பெரும்பாலும் இது பொய்க்காது. கேட் வால்வே போடுவதென்று யாராவது முடிவு செய்தால் ஐ.எஸ். 778 முத்திரை உள்ள கன்மெட்டல் வாங்கட்டும்.

இனி வேலை. இந்த வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவில் வேறு அடைப்பு கிடையாது. எனவே தொட்டித் தண்ணீர் வெளியேறும் துளைக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆயிரம் லிட்டரை மாடியில் கொட்டுவது பெங்களூரில் பாவம். முதல் நாள் மாலையே மோட்டாரை நிறுத்திவிட்டு, துணி துவைத்து, குளித்து, தொட்டியைச் செலவழியுங்கள். சமையலுக்கும் கழிவறைக்கும் பக்கெட்டில் பிடித்துவையுங்கள். முக்கியமான ஒன்று: சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) தானியங்கி லெவல் கன்ட்ரோலர் இருந்தால், தொட்டி காலியானதும் மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கும், அறுத்த பைப்பில் தண்ணீர் கொட்டும். கன்ட்ரோலரை மட்டும் அணைத்தால் போதாது, மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சையே கீழே இறக்குங்கள். கீசர் சுவிட்சையும் அணையுங்கள். லைன் காலியாகும்போது திரும்பிப் போகவிடாத வால்வு பழுதாக இருந்தால் கீசர் தண்ணீரும் பின்னால் வடிந்துபோகும், தண்ணீர் இல்லாத கீசரில் சூடாக்கும் காயில் எரிந்துவிடும்.

தொட்டியைக் காலி செய்ய முடியாத நிலை என்றால், உட்பக்கம் துளையை ரப்பர் கார்க்கால் அடைக்கலாம். ஒரு மீட்டர் தண்ணீர் ஒரு இஞ்ச் துளையில் தரும் விசை அரை கிலோ அளவுதான், அதுவே கார்க்கை இறுக்கிப் பிடித்துவிடும். கார்க்கில் ஒரு கெட்டிக் கயிறு கட்டி, நுனியைத் தொட்டி வாயில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிடுங்குவது பெரும்பாடு. துணியை உருட்டி அடைக்காதீர்கள். அது உள்ளே இழுபட்டால் கதை வேறாகிவிடும்.

கீழ்த்தளத்துக் குழாய்களைத் திறந்து லைனை வடியவிடுங்கள். பிறகு பழைய வால்வின் இரு பக்கமும் அறுக்க வேண்டும். எங்கே அறுப்பது என்பதைப் புது வால்வைப் பைப்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். சாக்கெட் ஒவ்வொன்றுக்குள்ளும் பைப் எவ்வளவு நுழையும் என்று அளந்து, வால்வின் மொத்த நீளத்தில் அந்த இரண்டையும் கழித்தால் வருவதுதான் விட வேண்டிய இடைவெளி. தொட்டிப் பக்கம் எல்போவிலிருந்து வெறும் பைப் குறைந்தது ஐந்து செ.மீ.யாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாது என்றால் தொட்டித் துளையில் மாட்டியிருக்கும் டேங்க் நிப்பிளிலிருந்தே புதிதாகக் கட்டுவதுதான் சரி. இடைவெளி கொஞ்சம் கூடிப்போனால் ஒரு கப்ளரும் சின்னத் துண்டுப் பைப்பும் காப்பாற்றும். அதனால் இவை இரண்டையும் முதலிலேயே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஆக்சா பிளேடால் நேராக அறுத்து, உள்ளும் புறமும் பிசிறைச் சீவி, வெளி விளிம்பை லேசாகச் சரித்துத் தேய்க்க வேண்டும். விளிம்பு கூராக இருந்தால் சாக்கெட்டில் பூசிய பசையை வழித்துக்கொண்டு போகும். பசை இல்லாமல் நுழைத்துப் பார்த்து, கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும், சுவரில் இடிக்குமா என்று பாருங்கள். துடைத்துக் காயவையுங்கள், ஈரத்தில் பசை பிடிக்காது. தொட்டிப் பக்கம் சொட்டு வந்துகொண்டே இருந்தால் அது நிற்கும்வரை பசை டப்பாவைத் திறக்கவே வேண்டாம். சி.பி.வி.சி.க்கு அதற்கான மஞ்சள் சால்வென்ட், யூ.பி.வி.சி.க்கு அதற்கானது. மாற்றிப் போட்டால் அன்றைக்கு ஒட்டினாற்போல் இருக்கும், பிறகு விடும். பைப்பில் தாராளமாக, சாக்கெட்டில் மெல்லியதாக. சாக்கெட்டில் அதிகம் பூசினால் வழிந்து உருண்டையில் ஒட்டி, புது வால்வே அசையாமல் போகும். இதைத்தான் ‘டூப்ளிகேட் வால்வு’ என்று கடைக்காரரிடம் சண்டை போடப் போகிறார்கள். யூனியன் வால்வில் இந்த ஆபத்து இல்லை, முனைகளை மட்டும் கழற்றி ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் வளையத்தைப் பைப்பில் மாட்டிய பிறகு முனையை ஒட்ட வேண்டும், மறந்தால் மறுபடி அறுக்க வேண்டியதுதான். நுழைக்கும்போது கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சாக்கெட் உள்ளே போகப் போகக் குறுகுவதால், உடனே கையை எடுத்தால் பைப் தானாகப் பின்னால் தள்ளிக்கொள்ளும்.

காயும் நேரம் டப்பாவில் எழுதியிருக்கும். தொட்டி அழுத்தத்துக்கு நான்கு மணி நேரம் விட்டால் நிம்மதி. டிசம்பர் குளிரிலும் மழை நாளிலும் இரவு முழுக்க விடுங்கள்.

ஜி.ஐ.க்கு வருவோம். யூனியன் இல்லாத லைனில் ஒரு பக்கம் மரையைக் கழற்றினால் மறுபக்கம் இறுகும். வேறு வழியில்லாமல் பைப்பை அறுத்து, நின்ற நிலையிலேயே டை வைத்துப் புது மரை வெட்ட வேண்டும். பதினாறு வருடத் துருவேறிய பைப்பில் ரெஞ்ச் போட்டுத் திருப்பினால், வால்வுக்குப் பதிலாக இரண்டு மீட்டர் தள்ளி ஒரு எல்போ விட்டுக்கொடுக்கும், அல்லது மரை அடியோடு முறியும். சுவருக்குள் முறிந்தால் செலவு வேறு கணக்கு. பித்தளையும் ஜி.ஐ.யும் நேராகத் தொடும் இடத்தில் துரு வேகமாகவும் பிடிக்கும். மாடியில் வெளியே ஓடும் ஜி.ஐ. முழுவதையும் எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்காக மாற்றலாமா என்று பிளம்பரிடம் அப்போதே கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

தண்ணீர் திரும்ப விடும்போது அவசரம் வேண்டாம். எல்லாத் தளத்திலும் ஒவ்வொரு குழாயைத் திறந்துவைத்து, வால்வைக் கொஞ்சமாகத் திறங்கள். கீழ்க் குழாயில் காற்று துப்பித் துப்பி வந்து, பிறகு சீராகும். வால்வுக்கு அடுத்து மேலே எழும்பும் காற்றுப் பைப் இருந்தால் இது சீக்கிரம் முடியும். அந்தக் காற்றுப் பைப் இல்லாத வீட்டில் மாடிக் குளியலறையில் மட்டும் தண்ணீர் வராமல் அடம்பிடிக்கும். அது காற்றடைப்பு, வால்வின் குற்றம் அல்ல. முதலில் வரும் கலங்கலும் பிளாஸ்டிக் துகளும் ஷவருக்கோ பில்டருக்கோ போகாமல் சாதாரணக் குழாயில் வெளியேறட்டும். இணைப்புகளைத் துடைத்து, டிஷ்யூ பேப்பர் சுற்றி, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள், மறுநாள் காலையிலும் ஒரு தடவை. கீசரில் வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வந்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. நிழலில்லாத மொட்டை மாடியில் பிளாஸ்டிக் வால்வு நொறுங்கும் பதத்துக்கு வந்து, கைப்பிடி ஒரு நாள் கையோடு வரும். தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். ஆயில் பெயின்ட் வேண்டாம். சி.பி.வி.சி.க்குப் பெட்ரோலிய எண்ணெயும் கரைப்பானும் பகை, வெடிப்பு விடும். அதே காரணத்தால், இறுகிய பித்தளை வால்வு சி.பி.வி.சி. லைனில் இருந்தால் துருநீக்கும் எண்ணெயைப் பீய்ச்சாதீர்கள்.

இப்போது மேலே நிற்கிறது, கீழே ஆங்கிள் வால்வைப் பார்க்கலாம். அரை இஞ்ச்தான், ஆனால் அதிகம் சேதம் நடப்பது இங்கே. எங்கே கசிகிறது என்று முதலில் பாருங்கள். கைப்பிடி அடியில் என்றால், ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள கிளாண்ட் நட் இருந்தால் எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கினாலே நிற்கலாம். கனெக்‌ஷன் பைப் நட்டில் என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் மட்டும் மாற்றினால் போதும். அந்த நட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்றுகிறவர்கள் உண்டு. அது வீண், அடைப்பது வாஷர்தான். சுவர்ப் பக்கம் கசிந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றி, சுவருக்குள் மரையைப் பழைய பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பித்தளை மரையா பிளாஸ்டிக் மரையா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் கவனம். உலோக ஆண் மரை பிளாஸ்டிக் பெண் மரைக்குள் ஆப்புபோல இறங்கி, இறுக்க இறுக்கப் பிளக்கும். பிளவு சுவருக்குள் இருப்பதால் பல நாள் கழித்து மறுபக்கச் சுவரில் ஈரமாகத்தான் தெரியும். டேப்பை மரையின் நுனியை நம் பக்கம் பார்க்கப் பிடித்து, கடிகாரச் சுற்றில் எட்டுப் பத்துச் சுற்று, முதல் மரையை விட்டுவிட்டு. கையால் மூன்று நான்கு சுற்று உள்ளே போக வேண்டும். பிறகு துணி சுற்றி, ஸ்பேனரால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. வால்வின் வாய் பார்க்க வேண்டிய திசையைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள். டேப் கிழிந்திருக்கும், கசியும். கழற்றிப் புது டேப் சுற்றித் திரும்பப் போடுங்கள். வால்வின் வாயில் ரெஞ்ச் மாட்டித் திருப்புவதும் கூடாது, முறியும். மரை சுவருக்குள் ஆழத்தில் இருந்தால் ஒரு இஞ்ச், ஒன்றரை, இரண்டு இஞ்ச் என்று எக்ஸ்டென்ஷன் நிப்பிள் கிடைக்கிறது. ஆழத்தை அளந்து வாங்குங்கள். ஃபிளஷ் டேங்க்கின் பிளாஸ்டிக் மரையில் மாட்டும் நட்டுக்குக் கை இறுக்கமே போதும்.

குளியலறைச் சுவருக்குள் இருக்கும் கன்சீல்டு ஸ்டாப் காக் அசையவில்லை என்றாலும் டைல்ஸ் உடைக்க வேண்டியதில்லை. மேல் தொட்டி வால்வை மூடி, கைப்பிடியையும் மூடித் தட்டையும் எடுத்தால், ஸ்பிண்டில் பாகம் பாக்ஸ் ஸ்பேனரில் தனியாகக் கழன்று வரும். அதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், ஒரு கம்பெனியுடையது இன்னொன்றுக்குச் சேராது. செராமிக் தட்டு உள்ளது என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊறப்போட்டால் படிவு கழன்று மறுபடி ஓடலாம். கழிவறை கழுவும் ஆசிட்டில் போடாதீர்கள், அது பித்தளையையும் குரோமையும் தின்னும்.

பராமரிப்பு என்பது அசைப்பதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டிலுள்ள எல்லா வால்வையும், ஆங்கிள் வால்வு உட்பட, கீழே ஒரு குழாய் ஓடும்போது நான்கைந்து தடவை மூடித் திறங்கள். போர் தண்ணீர் மட்டுமே என்றால் மாதம் ஒரு தடவை. கேட் வால்வை முழுதாகத் திறந்த பின் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள், மேலே இறுகிக்கொள்ளாது. பால் வால்வைப் பாதி திறந்து வைத்து அழுத்தத்தைக் குறைக்கும் பழக்கம் வேண்டாம். பாய்ச்சல் ஒரே இடத்தில் மோதி, உருண்டையைச் சுற்றியுள்ள டெஃப்லான் வளையம் தின்றுபோகும், பிறகு மூடினாலும் ஒழுகும். பிளாஸ்டிக் வால்வைத் திருப்பும்போது மற்றக் கையால் உடலைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வால்வு எந்தக் குளியலறைக்கு என்று பெயின்டில் எழுதிவிடுங்கள், ஊருக்குப் போயிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் போனில் விளக்க முடியும்.

தெருவிலிருந்து வரும் காவேரி லைனில் மீட்டருக்கு அடுத்து சம்ப் பக்கம் உள்ள வால்வை நாம் மாற்றிக்கொள்ளலாம், தண்ணீர் விடாத நாளில். மீட்டரையும் அதற்கு முன்னால் இருப்பதையும் தொடாதீர்கள், அது குடிநீர் வாரியத்தின் வேலை. வாடகை வீடு என்றால் ஓனரிடம் சொல்லாமல் பைப்பை அறுக்க வேண்டாம். அடுக்குமாடியில் பைப்கள் ஓடும் ஷாஃப்ட்டுக்குள் இருக்கும் வால்வு அசோசியேஷன் பொறுப்பு. அங்கே பிரஷர் பம்ப் இரண்டு மூன்று பாரில் தள்ளும், மேலே இருந்து மூட வேண்டியது வேறொருவர் கையில் இருக்கும். அவர் மூடினாரா என்பதைக் குழாயைத் திறந்து, தண்ணீர் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.